வேலியோடு முடியும் கணக்கு: விமான நிலையச் செலவும் மன்னார்க் கரையோர மக்களும்

ஓர் அரசு தன் மக்களை எவ்வாறு மதிக்கின்றது என்பதை அதன் மேடைப் பேச்சுக்களில் தேடுதல் வீண் முயற்சியாகும். அதனை வரவு செலவுத் திட்டத்திலேயே தேடுதல் வேண்டும். எந்தத் தலைப்புக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எந்தத் தலைப்பு எழுதப்படாமலே விடப்பட்டது ஆகிய இரண்டையும் ஒருங்கே நோக்குமிடத்து அரசின் உள்ளக்கிடக்கை வெளிப்பட்டுவிடும். இலங்கையின் மூலதனச் செலவுகளை இவ்வகையில் ஆராய்வோர்க்கு ஓர் உண்மை புலனாகும். துறைமுகமாயினும் விமான நிலையமாயினும் மின்னுற்பத்தி நிலையமாயினும், அதற்கான மதிப்பீடு பெரும்பாலும் அதனைச் சுற்றி இடப்படும் கம்பி வேலியோடு முடிந்துவிடுகின்றது. வேலிக்குள்ளே கொட்டப்படும் சீமெந்துக்குக் கணக்குண்டு. வேலிக்கு வெளியே வாழும் மனிதர் அதற்காகக் கொடுக்கும் விலைக்குக் கணக்கில்லை. இது எழுதுவினைஞர் ஒருவரின் கவனக்குறைவால் நேர்ந்த பிழையன்று. திட்டமிடும் அதிகாரமும் திட்டத்தைச் சுமக்கும் கடமையும் வெவ்வேறு மக்களிடம் இருப்பதால் நேரும் பிழை.

மன்னார் மாவட்டத்திற் பயணிகள் விமான நிலையம் எதுவும் இல்லை. அங்ஙனமாயின், மன்னாரைப் பற்றிப் பேசுமிடத்து விமான நிலையத்தை இழுப்பானேன் என்ற வினா எழலாம். இரண்டு காரணங்கள் உள. முதலாவது, நாட்டின் எந்த மூலையிற் கட்டப்பட்ட விமான நிலையத்துக்கும் மன்னார் மீனவனும் கடன்காரனாக்கப்பட்டிருக்கிறான். இரண்டாவது, ‘பெருந்திட்டம் ஒன்று வரட்டும், அபிவிருத்தி தானே பின்தொடரும்’ என்ற வாதம் வடபகுதியின் பின்னடைவுக்கு மருந்தாகப் படித்தோராலேயே முன்வைக்கப்படுகின்றது. பலாலிக்கு விமானம் வந்ததுபோல் மன்னாருக்கும் ஒன்று வந்தாலென்ன என்ற ஆசையும் இவ்வாதத்திற் பிறப்பதே. இவ்வாதம் எவ்வளவு தூரம் உண்மையானது என்பதை நாட்டின் அனுபவத்தைக் கொண்டே அளக்க வேண்டும்.

மத்தளை தந்த பாடம்

அம்பாந்தோட்டை மாவட்டத்தின் மத்தளையில் 2013 மார்ச் 18 இல் நாட்டின் இரண்டாவது சர்வதேச விமான நிலையம் திறந்துவைக்கப்பட்டது. அன்றைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவின் குடும்பப் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. மாவட்டமும் அவருடைய சொந்த மாவட்டமே. செலவு ஏறத்தாழ 20 கோடியே 90 இலட்சம் அமெரிக்க டொலர். அதில் 19 கோடி டொலர் சீனாவின் ஏற்றுமதி இறக்குமதி வங்கி கொடுத்த கடன். 3,500 மீற்றர் நீளமான ஓடுபாதையும் ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சம் பயணிகளை ஏற்கவல்ல கட்டடமும் எழுந்தன. பயணிகள்தாம் வரவில்லை. 2015 ஜனவரியில் அரசுக்குச் சொந்தமான ஸ்ரீலங்கன் விமான சேவையே அங்கிருந்து விலகிக்கொண்டது. சரக்குக் கட்டடங்கள் நெல் மூட்டைகளை அடுக்குவதற்கு உதவின. உலகிலேயே மிக வெறுமையான சர்வதேச விமான நிலையம் என 2016 இல் அமெரிக்கச் சஞ்சிகையொன்று எழுதியது.

இதனை ஓர் ஆட்சியாளரின் தற்பெருமை என்று கூறி ஒதுக்கிவிடுவோர் உளர். தற்பெருமை இருந்தது என்பது உண்மையே. ஆயின், தற்பெருமைக்கு வழிவிட்டது மதிப்பீட்டு முறையாகும். கட்டுவதற்கான செலவு மூலதனச் செலவென ஒரு பக்கத்தில் எழுதப்படுகின்றது. கட்டியதை இயக்குதற்கான செலவு பின்வரும் ஆண்டுகளின் மீண்டெழும் செலவாக வேறொரு பக்கத்துக்குப் போய்விடுகின்றது. விளக்கெரிய வேண்டும், ஓடுபாதையைப் பேண வேண்டும், தீயணைப்பு வண்டியும் ஊழியரும் இரவுபகலாகக் காத்திருக்க வேண்டும். விமானம் வந்தாலும் வராவிட்டாலும் இச்செலவுகள் வரும். மத்தளையின் இயக்கச் செலவு அதன் வருமானத்தின் பன்மடங்காக இருந்தமையை அரசாங்கக் கணக்காய்வே பின்னர் எடுத்துக்காட்டியது. திறப்பு விழாவுக்கு முன்னர் பாராளுமன்றத்திலே இக்கணக்கு விரித்துரைக்கப்பட்டிருப்பின், கையுயர்த்தியோர் சிலராவது தயங்கியிருப்பர்.

வேலிக்கு வெளியே என்ன நிகழ்ந்தது என்பதும் நோக்கற்பாலது. மத்தளைப் பகுதி யானைகள் காலங்காலமாக நடமாடிய காடு. காடு வெட்டப்பட்டதும் யானைகள் மறைந்துவிடவில்லை. அயற்கிராமங்களின் வயல்களுக்கும் தோட்டங்களுக்கும் அவை வந்தன. 2016 இல் ஓடுபாதையைச் சூழ்ந்த விலங்குகளை விரட்டுதற்கு நூற்றுக்கணக்கான படையினரும் பொலிசாரும் அனுப்பப்பட்டனர். விமானத்தைக் காப்பதற்கு அரசிடம் ஆளிருந்தது. தன் சேனையை இரவிலே காவல் செய்த சிங்கள விவசாயிக்கு அந்த மதிப்பீட்டில் ஒரு சதமும் எழுதப்பட்டிருக்கவில்லை. வேலிக் கணக்கின் கொடுமை தமிழ்க் கிராமத்துக்கு மட்டும் உரியதன்று என்பதை இதனால் உணரலாம்.

மத்தளையின் கடன் மன்னாருக்கு எவ்வாறு வந்தது? கடன் டொலரிலே பெறப்பட்டது. திறப்பு விழா நடந்த ஆண்டில் ஒரு டொலர் ஏறத்தாழ 127 ரூபா. 2022 இன் நடுப்பகுதியில் அது 360 ரூபாவை எட்டிற்று. கடன்பட்ட டொலரின் தொகை கூடாமலே அதனை அடைப்பதற்கு வேண்டிய ரூபாவின் தொகை மும்மடங்கை நெருங்கியது. 2022 ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. மத்தளை ஒன்றே நாட்டை வங்குரோத்தாக்கிற்று என்பது மிகை. 2019 இறுதியில் வழங்கப்பட்ட பெரும் வரிச்சலுகை, அதிக வட்டியிலான பிணைமுறிக் கடன்கள், பெருந்தொற்று ஆகியனவும் சேர்ந்தே அந்நிலையை உருவாக்கின. எனினும், வருமானம் தராத சொத்துக்கு வெளிநாட்டு நாணயத்திற் கடன்படும் பழக்கத்தின் முழு உருவம் மத்தளை என்பதை எவரும் மறுக்கவியலாது.

அதன் பின்னர் வந்த பரிகாரம் யார் தலையில் விழுந்தது? 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. பேசாலையிலும் தாழ்வுபாட்டிலும் பள்ளிமுனையிலும் சிறுபடகிற் கடலுக்குப் போவோரின் இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுவது. ஒரு நாளைய எரிபொருட் செலவு நான்கு மடங்கானபோது பலர் படகைக் கரையிலேயே இழுத்துவிட்டனர். 2022 தொடக்கத்தில் 8 சதவீதமாக இருந்த பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 சதவீதமாயிற்று. அவ்வரி மத்தளை என்ற பெயரையே கேட்டிராத கிழவி வாங்கும் சவர்க்காரத்திலும் ஏறிற்று. மூலதனச் செலவைத் தீர்மானிக்கும்போது கேட்கப்படாதவர்கள், அதனை அடைக்கும்போது மட்டும் மறக்கப்படாமல் அழைக்கப்படுகின்றனர்.

பலாலி ஏன் மலிவாயிற்று?

மத்தளைக்கு மாற்றாகப் பலாலியைக் காட்டுவது வழக்கம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப் படை அமைத்த அத்தளம், திருத்தப்பட்டு, 2019 ஒக்டோபர் 17 இல் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து முதல் விமானம் அன்று வந்திறங்கியது. செலவு 200 கோடி ரூபாவுக்குச் சற்று மேல். மத்தளையின் செலவு, அது திறக்கப்பட்ட ஆண்டின் நாணய மாற்று வீதப்படி, ஏறத்தாழ 2,600 கோடி ரூபா. பத்திலொரு பங்குக்கும் குறைவான செலவில் மக்களுக்குப் பயன்படும் நிலையமொன்று கிடைத்தது. பெருந்தொற்றினால் 2020 மார்ச்சில் நின்ற சேவை 2022 டிசெம்பரில் மீண்டது. மருத்துவத்துக்கும் தலயாத்திரைக்கும் உறவினரைக் காண்பதற்கும் அதனை நாடுவோர் உளர். இதனைப் பாராட்டாதிருத்தல் நேர்மையன்று.

ஆயின், பலாலியின் மலிவுக்கு ஒரு காரணம் உண்டு. அதன் அயலிலிருந்த வலிகாமம் வடக்கு மக்கள் 1990 இல் இடம்பெயர்ந்தனர். உயர் பாதுகாப்பு வலயம் என்ற பெயரில் அவர்களுடைய வீடுகளும் செம்மண் தோட்டங்களும் கோயில்களும் பாடசாலைகளும் வேலிக்குள் அகப்பட்டன. 2013 இல் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல் ஒட்டப்பட்டது. மக்கள் நீதிமன்றத்தை நாடினர். பின்னைய ஆண்டுகளிற் கட்டங்கட்டமாகப் பகுதிகள் விடுவிக்கப்பட்டன. ஒரு தலைமுறை நலன்புரி முகாம்களிலும் வாடகை வீடுகளிலும் வளர்ந்தது. அந்த ஆண்டுகளின் வாடகையை, விளையாத தோட்டத்தின் வருமானத்தை, இடிந்த வீட்டின் பெறுமதியை 200 கோடி ரூபாவோடு கூட்டிப் பார்த்தவர் எவருமிலர். மத்தளையில் வேலிக்கு உள்ளே வீணடிப்பு நிகழ்ந்தது. பலாலியில் வேலிக்கு உள்ளே சிக்கனம் நிகழ்ந்தது. அச்சிக்கனத்தின் பெரும்பகுதியை வேலிக்கு வெளியே துரத்தப்பட்டோர் கட்டினர்.

இந்நோய் இலங்கைக்கு மட்டும் உரியதுமன்று. 2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டு அரசு காஞ்சிபுரத்தை அடுத்த பரந்தூரிலே சென்னையின் இரண்டாவது விமான நிலையத்தை 20,000 கோடி இந்திய ரூபா மதிப்பீட்டில் அமைப்பதாக அறிவித்தது. ஏகனாபுரம் கிராமத்தார் ஆயிரம் நாட்களைக் கடந்தும் எதிர்த்து நின்றனர். ஏரியும் வாய்க்காலும் வயலும் ஒன்றோடொன்று தொடுக்கப்பட்ட நீரமைப்பிலே ஒரு கண்ணியை அறுத்தால் மற்றைய ஊர்கள் வெள்ளத்திலும் வறட்சியிலும் அகப்படும் என்பது அவர்கள் வாதம். கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பி வாழும் மன்னார்ப் பெருநிலத்து விவசாயிக்கு இவ்வாதத்தை எவரும் விளக்கத் தேவையில்லை.

மன்னாரில் எழுந்த வேலிகள்

மன்னாருக்கு இது புதிய அனுபவமன்று. சிலாவத்துறை, அரிப்புக் கடலின் முத்து, ஆட்சியாளர் ஒவ்வொருவரின் திறைசேரியையும் நிரப்பிற்று. 1906 இல் பிரித்தானிய அரசு அம்முத்துப் படுக்கைகளை ஒரு கம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கே கொடுத்துவிட்டது. சில ஆண்டுகளில் முத்துச் சிப்பி அருகிப்போயிற்று. 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பற் சேவையும் அதனோடிணைந்த புகையிரதமும் வந்தன. தோட்டங்களுக்குக் கூலியாட்களைக் கொண்டுசெல்லவும் பயணிகளையும் தபாலையும் கடத்தவும் அப்பாதை உதவிற்று. 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. போர் எஞ்சியதை அழித்தது. செல்வம் மன்னாரின் வழியாகச் சென்றது, மன்னாரில் தங்கிற்றில்லை.

போருக்குப் பின்னரும் பணம் வராமலில்லை. 2010 இல் யப்பானிய உதவியோடு தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் புதிய பாலம் திறக்கப்பட்டது. 2015 மார்ச் 14 இல் இந்தியக் கடனுதவியால் தலைமன்னார்ப் புகையிரதப் பாதை மீண்டது. இவை மக்கள் நாளாந்தம் கால்வைக்கும் சொத்துக்கள்; ஆதலின் வரவேற்கப்பட்டன. பெருஞ்செலவு என்றாலே மன்னார் மக்கள் எதிர்ப்பர் என்று கூறுவோர்க்கு இவ்விரண்டுமே போதிய மறுமொழியாகும்.

காற்றாலைகளின் கதை வேறு. 2020 டிசெம்பரில் தீவின் தென்கரையில் ‘தம்பபவனி’ காற்றாலைத் தொகுதி தொடக்கிவைக்கப்பட்டது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் 20 கோடி டொலர்க் கடன், 30 காற்றாலைகள், 103.5 மெகாவாற் ஆற்றல். நாட்டுக்குத் தூய மின்சாரம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயின், தீவின் மக்கள் கூறும் முறைப்பாடு யாது? காற்றாலைகளுக்கென அமைக்கப்பட்ட பாதைகளும் மேடைகளும் மழைநீர் கடலுக்கு வடியும் வழிகளை மறித்தன. முன்னர் தேங்காத வெள்ளம் இப்போது குடிமனைகளில் நாட்கணக்காக நிற்கின்றது. கரையோர மீன்பிடியும் குன்றியது என்பனவாம். கடல்மட்டத்தினின்றும் சிறிதளவே உயர்ந்த மணற்றீவில் ஒரு வடிகாலின் பெறுமதி என்ன என்பதைத் திட்டம் வரைந்தோர் அறியாரல்லர். மக்களின் வடிகால் அவர்களுடைய வேலைப் பட்டியலில் இடம்பெறவில்லை.

இதன் விளைவு விரைவிலேயே வெளிப்பட்டது. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற் காற்றாலைகளை அமைக்கவிருந்த இந்திய அதானி நிறுவனம், கட்டண விவகாரமும் வழக்குகளும் எதிர்ப்பும் தொடர்ந்த நிலையில், 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் வேறு காற்றாலைகளுக்கான பாகங்கள் தீவுக்குள் வந்தபோது மக்கள் வீதியில் இறங்கினர். அரசு ஒரு மாதம் வேலையை நிறுத்தியது. செப்டெம்பரில் பொலிஸ் பாதுகாப்போடு பாகங்கள் உள்ளே கொண்டுவரப்பட்டன. தொடக்கத்திலே வடிகாலுக்குச் செலவிட மறுத்த பணத்தினும் பெரிய விலையை, நம்பிக்கை இழப்பு என்ற நாணயத்தில் அரசு பின்னர் கொடுக்க நேர்ந்தது.

முசலிப் பகுதியின் முள்ளிக்குளத்தையும் இங்கு நினைத்தல் வேண்டும். 2007 செப்டெம்பரில் அவ்வூர் மக்கள் வெளியேற்றப்பட்டனர். பின்னர் அங்கே கடற்படையின் கட்டளைத் தலைமையகம் எழுந்தது. வாரக்கணக்கில் நடந்த போராட்டத்தின் பின்னரே, 2017 ஏப்ரலில், 100 ஏக்கரை விடுவிக்கக் கடற்படை இணங்கிற்று. பலாலியின் சிறுபிரதி இது.

மறுப்புகளுக்கு மறுமொழி

‘நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்ட பகுதிக்கு முதன்முதலாகப் பணம் வரும்போது இப்படிக் குற்றம் காண்பது அபிவிருத்தியைத் துரத்துவதாகாதா?’ எனச் சிலர் வினவுவர். செலவு வேண்டாமென்பது இங்கு வாதமன்று. செலவு முழுமையாக எழுதப்படவேண்டும் என்பதே வாதம். முழுமையாக எழுதியபின்னரும் இலாபம் தருகின்ற திட்டம் எவ்வெதிர்ப்பையும் தாங்கும். முழுமையாக எழுதினால் நட்டமாகத் தோன்றும் திட்டம், எழுதாமல் விட்டதனால் இலாபமாகிவிடாது. அதன் நட்டம் ஏழையின் முற்றத்துக்கு இடம்மாறுகின்றது, அவ்வளவே.

‘விமான நிலையம் வந்தால் நண்டும் மீனும் நேரே வெளிநாட்டுச் சந்தைக்குப் பறக்குமே’ என்பர் வேறுசிலர். பறப்பதற்கு முன்னர் நண்டு கரைக்கு வரவேண்டும். இறங்குதுறை, பனிக்கட்டி, குளிர்களஞ்சியம், வீதி, இந்திய இழுவைப் படகுகளினின்றும் வலைகளுக்குப் பாதுகாப்பு ஆகியன இன்றேல் ஓடுபாதை யாருடைய பொருளை ஏற்றும்? முதலில் வேண்டியது முதலிற் செய்யப்படாவிடத்து, மத்தளை நெல்லைச் சேமித்ததுபோல் மன்னார் ஓடுபாதை கருவாடு உலர்த்தவே பயன்படும்.

‘இவற்றைச் சேர்த்தால் எத்திட்டமும் கட்டுப்படியாகாது’ என்பது திறைசேரியின் இறுதி வாதமாக இருக்கலாம். 2024 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கப் பொது நிதி முகாமைத்துவச் சட்டம் அரசின் முதன்மைச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 13 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்துகின்றது. எல்லை இறுகியபின், ஒன்றுக்கு எழுதப்படும் ஒவ்வொரு ரூபாவும் இன்னொன்றினின்றும் பிடுங்கப்படுவதே. ஆதலின், முழுக் கணக்கைக் காட்டவேண்டிய கடமை முன்னரிலும் இன்று கூடியதேயன்றிக் குறைந்ததன்று.

கோரப்பட வேண்டியவை

விமான நிலையங்கள் மாகாண சபைக்கு உரிய விடயமல்ல. 13 ஆம் திருத்தத்தின் ஒதுக்கீட்டு நிரலின்படி அவை மத்திய அரசுக்கு உரியன. வட மாகாண சபையின் பதவிக்காலமும் 2018 ஒக்டோபரில் முடிவுற்றது. அதன்பின் தேர்தலின்றியே ஆண்டுகள் கழிந்தன. சூழற் சட்டத்தின்படி சூழல் தாக்க மதிப்பீட்டுக்குக் கருத்துக் கூறப் பொதுமக்களுக்கு 30 நாட்கள் உண்டு. அங்கே பறவையைப் பற்றிப் பேசலாம். பணத்தைப் பற்றிப் பேச இடமில்லை. எனினும், மக்கள் கையில் ஆயுதம் எதுவுமே இல்லையென்பது தவறு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவு, குறித்த தொகைக்கு மேற்பட்ட அபிவிருத்தித் திட்டமொன்று தொடங்குதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே, பொதுமக்களுக்கும் பாதிக்கப்படக்கூடியோருக்கும் அது பற்றிய தகவலை வழங்குதல் அமைச்சரின் கடமை எனக் கூறுகின்றது. கேட்டாற் கொடுக்கும் தகவலன்று இது, கேளாமலே கொடுக்கவேண்டியது.

இச்சட்டத்தை அடியாகக் கொண்டு நான்கு கோரிக்கைகள் எழுப்பப்படல் வேண்டும். ஒன்று, எந்தப் பெருந்திட்டத்தின் மதிப்பீட்டிலும் அயற்கிராமங்களின் வடிகால், பாதை, இறங்குதுறை, நட்டஈடு என்பன அதே தலைப்பின்கீழ், அதே ஆண்டில் எழுதப்படல் வேண்டும். இரண்டு, மூலதனச் செலவோடு அடுத்த பத்தாண்டின் மீண்டெழும் செலவும் கடன் அடைப்பும் பாராளுமன்றத்தில் ஒருங்கே வைக்கப்படல் வேண்டும். மூன்று, நிலத்தையும் காற்றையும் கடலையும் பயன்படுத்தி ஈட்டும் வருமானத்தில் ஒரு பங்கு அப்பகுதிப் பிரதேச சபைக்கு உரிமையாகச் சேர்தல் வேண்டும். நன்கொடையாக வழங்கும் பாடசாலைப் புத்தகப் பை அதற்கு ஈடாகாது. நான்கு, இவையனைத்தும் மக்கள் வாசிக்கும் தமிழிலே, பிரதேச செயலகத்தின் சுவரிலே, வேலை தொடங்குமுன் ஒட்டப்படல் வேண்டும்.

இக்கோரிக்கைகளுட் புரட்சிகரமானது எதுவுமில்லை. கடை வைத்திருக்கும் எந்தச் சிறுவணிகனும் தன் கணக்கில் செய்வதை அரசும் தன் கணக்கில் செய்யவேண்டும் என்பதற்குமேல் இவை எதனையும் கூறவில்லை. ஆயினும் இவை தாமாக நிறைவேறப்போவதில்லை. ஆண்டுதோறும் பாராளுமன்றத்திற் சமர்ப்பிக்கப்படும் மதிப்பீட்டு நூல்கள் தடித்தவை, எழுத்துச் சிறியவை, படிப்போர் அரியர். இங்கேதான் பல்கலைக்கழகத்தின் கடமை எழுகின்றது. பொருளியல் பயில்வோன் அந்நூல்களைப் புரட்டவேண்டும். புவியியல் பயில்வோன் மன்னார்த் தீவின் நீரோட்டத்தை வரைபடமாக்க வேண்டும். சட்டம் பயில்வோன் 9 ஆம் பிரிவை ஏந்தி விண்ணப்பம் எழுதவேண்டும். தமிழ் பயில்வோன் அவற்றையெல்லாம் பேசாலையின் மீனவப் பெண்ணும் நானாட்டான் விவசாயியும் படித்து வாதிடத்தக்க மொழியில் ஆக்கித்தரவேண்டும். அப்பணி செய்யப்படும்வரை வேலிக்குள் இருப்போரே கணக்கெழுதுவர். வெளியே இருப்போர் கடன் கட்டுவர்.